உறைமோர் கேட்டு வந்தவள்

ஜூலை 18, வியாழன்

முதலில் மன்னிப்பு. நாடகத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். எம்.ஏ. முடித்துவிட்டால் ரசிக்கவும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. எஸ்தர் மேடம் சொன்னதால் எழுதுகிறேன். "நீ வாயைத் திறக்கமாட்டே. எழுதியாவது குடு மாரிச்செல்வி. நாலு ஞாயிறும் முடியட்டும், நான் வாசிக்கிறேன்" என்றார். "நல்லா எழுதணும்னு எழுதாதே. அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை எழுது" என்றும் சொன்னார். அதனால் நாடகத்துக்குச் சம்பந்தம் இல்லாததும் நடுவில் வரும். மேடம் அதையெல்லாம் தாண்டிப் போய்விடலாம்.

மேடத்தின் குழு ஒவ்வொரு ஆடியிலும் நாலு ஞாயிறு, புதிதாக எழுதுகிறவர்களின் குறுநாடகங்களையும் ஓராள் நாடகங்களையும் போடுகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் இந்தச் சின்னக் கல்யாண மண்டபம் மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும், சாவி மேடத்திடம் இருக்கும். சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் அரங்கம். மணமகன் அறையில் விளக்குச் சாமான்கள். மணமகள் அறையில் ஒப்பனை. பெரிய கண்ணாடி, குளியலறை, கனமான உள்தாழ்ப்பாள் எல்லாம் அதில் இருக்கின்றன.

என் வேலை, நடிப்பவர் மறந்தால் வசனம் எடுத்துக்கொடுப்பது. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டி மறைவில் பிரதியோடு உட்கார்ந்திருப்பேன். நான் யார் கண்ணிலும் படமாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

மதுரையில் பாண்டீஸ்வரி அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். இன்று நான் படுக்கும் பின்னறையின் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. சில நாள் அக்காவும் இங்கே வந்துதான் படுப்பாள். ஆசாரியை வரச் சொல்ல வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

முதல் நாள். மூன்று நாடகங்கள். எனக்குப் பிடித்தது 'ஷிப்ட்'. ஏ.டி.எம். வாசலில் இரண்டு காவலாளிகள், ஒரு நாற்காலி. இரவுக்காரர் வந்துவிட்டார், பகல்காரர் போகவேண்டும். போகமாட்டேன் என்கிறார். குடையைத் தேடுகிறார். டிபன் பாக்ஸ் மூடியைத் தேடுகிறார். மழை வருமா என்று மறுபடி மறுபடி கேட்கிறார். இரவுக்காரர் முதலில் கேலி செய்கிறார், பிறகு எரிச்சல்படுகிறார், கடைசியில் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தான் தரையில் உட்காருகிறார். அவ்வளவுதான் நாடகம்.

அவர் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று எழுதியவர் சொல்லவே இல்லை. பெரிய நாடகமாக இருந்தால் சொல்லியிருப்பார். பத்து நிமிடத்தில் அதற்கு இடமில்லை. இடமில்லாததே நல்லதாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போதும் அந்த மனிதரின் வீட்டை நானே கட்டிக்கொண்டு வந்தேன்.

முடிந்ததும் வழக்கம்போல் சுக்குக் காபி. டம்ளர் கைக்கு வந்தவர் குடிக்கும் முன் நாடகத்தைப் பற்றி ஒன்றாவது சொல்லியாக வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். நான் காபி ஊற்றினேன். ஊற்றுகிறவள் பேச வேண்டியதில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மாவு நான்தான் ஆட்டினேன். அக்காவுக்குக் கை வலி. குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். எங்கள் குழாயடியில் பாசி எதுவும் இல்லை. இருந்தாலும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

ஆசாரி வரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

இன்று ஒரு தவறு செய்தேன்.

திருமேனி எழுதிய 'உறைமோர்' ஒத்திகை. திருமேனிக்கு முப்பது வயதிருக்கும், எதையும் மெதுவாகப் பேசுவார். நடிப்பது பேங்கில் வேலை பார்க்கும் தாட்சாயணி. ஒரு பெண் கையில் டம்ளரோடு பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கேட்டு வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரி மேடையில் இல்லை. பார்க்கிற நாம்தான் அவள். வந்தவள் கரண்ட் போனது, பூனை குட்டி போட்டது, ஸ்கூல் வேன்காரன் ஹாரன் அடிப்பது என்று சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடைசிக் கேள்வி வரும் வரை முகத்தின் வலது பக்கத்தை மட்டுமே நமக்குக் காட்டுகிறாள். இது வசனத்தில் இல்லை. பிரதியில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இருக்கிறது. இதை எழுதியவருக்குப் பேச்சு எவ்வளவு தெரியுமோ அதைவிட அதிகமாக, ஆள் எங்கே நிற்பார் என்று தெரியும்.

கடைசியில் அவள் கேட்கிறாள்: "ஒரு நாளாவது, தினமும் எதுக்குடி உறைமோருக்கு வர்றேன்னு கேட்டீங்களா?" பிறகு மௌனம். நீண்ட மௌனம். பிறகு "சரி, வர்றேன்" என்று போய்விடுகிறாள்.

அந்த மௌனத்தில் நான் "சரி, வர்றேன்" என்று எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

தாட்சாயணி தலையில் கைவைத்துக்கொண்டார். திருமேனி தட்டிக்குப் பின்னால் வந்தார். "ஏம்மா, மௌனத்துக்குமா வசனம் எடுத்துக் குடுப்பே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா வீட்டில் இப்படி அமைதி நீண்டால் நான் எதையாவது சொல்லி உடைத்துவிடுவேன். 'அத்தான், சாப்பாடு எடுத்து வைக்கவா?' என்பேன். 'அத்தான், போன் அடிக்குது' என்பேன். அந்தப் பழக்கம்தான் வந்துவிட்டது.

மேடம் பிறகு தனியாகச் சொல்லிக்கொடுத்தார். "மறந்துபோனவங்க கண்ணு உன்னைத் தேடும். வேணும்னே நிக்கிறவங்க கண்ணு தேடாது. பிரதியைப் பார்க்காதே. கண்ணைப் பாரு."

ஜூலை 28, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு. வேலைக்கு நேர்காணல் கொடுக்கும் ஒருவனின் ஓராள் நாடகம். கேள்விகள் நமக்குக் கேட்காது, பதில்கள் மட்டும். "ஊர் சார்... அது பெரிய ஊர் இல்ல சார்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பதில்களை நானும் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரிக்கு வெங்காயம் உரித்தபடி அக்காவிடம் நாடகங்களைச் சொன்னேன். அக்கா பத்தாவதோடு நின்றவள். என்னை 'எம்.ஏ. அம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ராஜா வேஷம் ஒண்ணு கூடக் கிடையாதா? பின்ன என்னத்த நாடகம்?"

'உறைமோர்' கதையைச் சொன்னேன். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, ஒரு நா வாங்கினா மறுநா நம்ம தயிர்லேயே உறை எடுத்துக்கிடலாம்லா. தினமும் எதுக்கு வாரா?"

நான் பதில் சொல்வதற்குள் "ஓ" என்றாள். மறுபடி வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.

இதைத் திருமேனியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஒத்திகை பார்த்த ஆண்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"அவ கேட்டதுக்கு நாம என்ன சொல்லணும்?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லக்கூடாதுக்கா. பார்க்கிறவங்க பேசக்கூடாது."

"பின்ன எதுக்கு நம்மளப் பாத்துக் கேக்கா?"

அத்தான் கடையிலிருந்து வந்தார். பேட்டரிக் கடை. என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. யார் வந்தாலும் "எங்க கொழுந்தியா எம்.ஏ." என்று சொல்லுவார். அக்கா எழுந்து உள்ளே போனாள். இந்த இரண்டு நாளாக அவள் என் வலப்பக்கமே உட்காருவதில்லை, இடப்பக்கம்தான் வந்து உட்காருகிறாள்.

ஜூலை 31, புதன்

அம்மா போன். தீப்பெட்டி ஆபீஸ் இடைவேளையில் பேசினாள். அவளாகவே, "ஆடிக்குக் கூட்டிட்டு வர்றதெல்லாம் மொத வருசம்தான். அவகிட்ட சொல்லு" என்றாள். பங்குனியில் அக்கா ஊருக்குப் போனபோது அம்மா இரண்டு டின் முறுக்கு சுட்டு, பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினாள். போன தீபாவளிக்கு முன்னால் போனபோது அதிரசம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. தாலிக் கயிறு மாற்றவேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம் என்றேன், வேண்டாம் என்று அக்கா தானே மாற்றிக்கொண்டாள். பழைய கயிற்றைக் கழற்றியபோது கழுத்தில் கயிறு உரசிய தடம் போல ஒன்று தெரிந்தது. கயிற்றைவிட அகலமாக இருந்தது. மஞ்சள் நிறையப் பூசினாள். பிறகு தெரியவில்லை.

சித்திரான்னம் செய்தோம். எலுமிச்சைச் சாதம் நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அத்தான் அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போயிருந்தார். "நானும் வாரேன், அந்த உறைமோர்க்காரியப் பாக்கணும்" என்று அக்கா சேலை மாற்றிக்கொண்டாள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தட்டி இடுக்கு வழியாக எனக்கு அவளும் தெரிந்தாள், தாட்சாயணியும் தெரிந்தார். பூனை இடத்தில் அக்கா சிரித்தாள். வேன்காரன் இடத்தில் சிரிக்கவில்லை. கடைசிக் கேள்வி வந்தது. தாட்சாயணி மெல்லத் திரும்பி, அதுவரை காட்டாத இடது கன்னத்தைக் காட்டினார். ஊதாவும் பச்சையுமாக ஒப்பனை. "ஒரு நாளாவது கேட்டீங்களா?"

மௌனம்.

"நான் கேக்கேன்" என்றாள் அக்கா.

உட்கார்ந்தபடியே சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை.

"நான் கேக்கேன்மா. கேட்டா நீ சொல்லுவியா? என்கிட்ட யாரு கேட்டாலும் வழுக்கி விழுந்துட்டேன்னுதான சொல்லுதேன்."

தாட்சாயணியின் கண் என்னைத் தேடியது. உண்மையாகவே தேடியது. எடுத்துக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பிரதியில் அதற்கு மேல் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'சரி, வர்றேன்' என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? விளக்குக்காரர் என்ன நினைத்தாரோ, விளக்கை அணைத்துவிட்டார்.

இருட்டில் கைதட்டல். இந்த மூன்று வாரத்தில் அவ்வளவு கைதட்டல் கேட்டதில்லை.

காபி நேரத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், "பார்வையாளர் நடுவிலே ஒரு நடிகையை உட்கார வச்சது பிரமாதமான உத்தி. வட்டார வழக்கு ரொம்ப இயல்பா இருந்துச்சு" என்றார். கண்ணாடி போட்ட பையன் ஒருவன், "அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் உடைஞ்சிருக்கணும் சார். கொஞ்சம் தட்டையா இருந்துச்சு" என்றான். திருமேனி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் மேடம் என்னைப் பார்த்தார். நான் காபிக் கேத்தலைப் பார்த்தேன்.

அக்கா கைக்கும் டம்ளர் வந்தது. சட்டப்படி ஏதாவது சொல்லவேண்டும்.

"சீனி கம்மி" என்றாள்.

கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "எனக்குக் கை தட்டினாங்கட்டி" என்று எங்கள் ஸ்டாப் வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவளை அப்படிப் பார்த்து நாளாகிவிட்டது.

கூடத்தில் அக்கா பேசியபோது யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

திருமேனி போன் செய்தார். 'உறைமோர்' கடைசி ஞாயிறன்று மறுபடி போடவேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்களாம். "உங்க அக்கா சொன்ன வரியைப் பிரதியில சேர்த்துக்கலாமா? அவங்க பேரைப் போட்டுடறேன்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அவங்க நல்லா இருக்காங்கல்ல?" என்றார்.

"இருக்காங்க சார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பதில். அவர் கண் எனக்குத் தெரியவில்லை, என் கண் அவருக்குத் தெரியவில்லை. போன் அதற்கு நல்ல வசதி.

அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது என்றும் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 7, புதன்

அத்தான் கடையில் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆசாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள் போடக் கதவு இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆஸ்பத்திரி. அக்காவின் இடது கை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. காது கேட்கிறதா என்று சோதித்தார்கள். வலது காது மட்டும் கேட்கிறது.

கட்டுப் போடும் அறையில் நர்ஸ் கேட்டார். ஐம்பது வயதுக்காரர், கேட்டுக்கொண்டே துணியைச் சுற்றினார். "எப்படிம்மா ஆச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அறை அமைதியாக இருந்தது. நான் வழக்கம்போல் எதையாவது சொல்லி உடைக்கப் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்றோ, ஃபேன் போடவா என்றோ. அப்போது அக்காவின் கண் என்னைத் தேடியது.

"அடிச்சாரு" என்றேன். "எங்க அத்தான். இது முதல் தடவை இல்ல."

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அக்கா தலையை ஆட்டினாள். "ஆமா. அடிச்சாரு" என்று திரும்பச் சொன்னாள். எடுத்துக்கொடுத்த வரியை நடிகர்கள் பிடித்துக்கொள்வது போல, அதற்குப் பிறகு அவளே சொல்லிக்கொண்டு போனாள். நர்ஸ் துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போவார் என்றார்.

மத்தியானம் இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா தூங்குகிறாள்.

மேடம், 'உறைமோர்' பற்றி நான் இன்னும் என் கருத்தைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதச் சொன்னதே அதற்குத்தான், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி மௌனம்தான் நாடகத்தில் மிக நல்ல இடம் என்று முதலில் நினைத்தேன். கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவது. பார்க்கிறவர்கள் குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சி காபி குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. நானும் எத்தனை தடவை அப்படிக் குடித்திருக்கிறேன். டம்ளரோடு வந்தவள் 'சரி, வர்றேன்' என்று திரும்பிப் போகும் இடம் எது என்று பிரதியில் இல்லை. எனக்கு அந்த வீடு தெரியும். அதனால் அந்த வரி எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

'ஷிப்ட்' நாடகத்தையும் நினைத்துக்கொண்டேன். நாற்காலியைத் தள்ளிவிட்டவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை.

வரி சேர்க்கலாமா என்று திருமேனி சார் கேட்டதை அக்காவிடம் நேற்று சொன்னேன். "எழுதிக்கிடட்டும். என் பேரு போட வேண்டாம். ஆனா அதச் சொல்லுத பொம்பள அழக்கூடாதுன்னு சொல்லு. நான் அழல. இன்னும் உடைஞ்சிருக்கணும்னு ஒருத்தன் சொன்னாம்லா, அவன்கிட்ட, இப்பம் உடைஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று மாவுக்கட்டுக் கையைக் காட்டிச் சிரித்தாள். சிரிக்கும்போது காதைப் பிடித்துக்கொண்டாள்.

நாளை காலை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை.

அம்மா பேசினாள். நாளைக் காலை அத்தானோடு கார் எடுத்துக்கொண்டு வருகிறாளாம். "மாப்பிள்ளை அழுதாருட்டி. இனிமே கை வைக்கமாட்டேன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. போலீஸ்ல எழுதினதைத் திருப்பி வாங்கிருங்க. ரெண்டு தடவ வந்து நின்னா, அதுக்கே தெருவுல தலை நிமிர்த்த முடியல எனக்கு." போனை அக்கா காதில் வைத்தேன், கேட்கிற காதில். அக்கா "சரிம்மா" என்றாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. முறுக்கு சுடும்போது அவள் அழுதுகொண்டேதான் சுட்டாள், பங்குனியில் நான் பார்த்தேன். அவளுக்கு யாரும் எடுத்துக்கொடுத்தது 'திரும்பிப் போ' என்கிற அந்த ஒரு வரிதான். அதையே சொல்கிறாள்.

எங்கள் துணி ஒரு கட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. என் சான்றிதழ்களை நேற்றே எடுத்து வந்துவிட்டேன். வகுப்பெடுக்க ஒரு டியூஷன் சென்டரில் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் முதல்.

மாலையில் நீங்கள் அக்காவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்போது இந்த நோட்டைக் கொடுப்பேன். நான்கு ஞாயிறும் முடியவில்லை, தெரியும். நேரில் கேட்க நினைத்து ஒத்திகை பார்த்தேன், பாத்ரூம் கண்ணாடி முன்னால். வாய் வரவில்லை. அதனால் தயவுசெய்து இதை வராந்தாவிலேயே உட்கார்ந்து வாசித்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள்.

நாளை நாடகம் முடிந்துவிட்டால், ஆவணி முகூர்த்தம் தொடங்கும் வரை மண்டபத்துக்கு யாரும் வரப்போவதில்லை. கூடத்தைப் பெருக்குவேன், விளக்குச் சாமான்களைத் துடைத்து வைப்பேன், நாங்கள் இருப்பதே தெரியாமல் இருப்போம். மேடம், மணமகள் அறையில் உள்தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது. அக்காவையும் என்னையும் அங்கே தங்கவிடுவீர்களா?